வியாழனும் சனியும் கூடிய மாலை

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயப் பெரியார்களும் தமிழறிஞர்களும் நின்று பேசிய இம்மேடையில், இன்னும் பட்டம் பெறாத மாணவன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். தேவாரத்துக்கு முன்னரே ஞானப்பாட்டு மனப்பாடமானவன். ஆகையினால் சமய விளக்கம் எதனையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாமென்று செயலாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். “வாசிகசாலைச் சுவரிலே தொங்குகிற படத்தைப் பற்றிப் பேசினாற் போதும்” என்றார் அவர். அந்தப் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பஞ்சாங்கத்தைப் பற்றியும் பேசவேண்டி வரும் என்பதை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, நான் அறியேன்.

படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரிய தாளிலே இரண்டு வெண்புள்ளிகள். ஒன்று பெரிது, மற்றது சிறிது, சற்றே நீண்டது. பெரியதன் அருகே ஊசிமுனை போன்ற பொட்டுகள் சில ஒரே கோட்டில் நிற்கின்றன. வேறொன்றுமில்லை. குளமோ, கோபுரமோ, கரையில் நிற்கும் மருதமரமோ அதில் விழவில்லை. சென்ற ஆண்டு அதனைக் கண்ட ஒரு பெரியவர், “தம்பி, இதுக்குச் சட்டம் போட்ட காசு வீண்” என்றார். அன்று அவருக்கு நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்லுகிறேன்.

2020ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி, திங்கட்கிழமை. அன்று மாலை வியாழன் என்னும் குருவும் சனியும் மேற்கு வானில் ஒன்றையொன்று தொட்டுவிடுமோ என்னும்படி நெருங்கி நின்றன. குரு சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகள் எடுக்கின்றது; சனிக்கு 29.46 ஆண்டுகள் வேண்டும். மணிக்கூட்டின் பெரிய முள் சின்ன முள்ளைத் தாண்டிப் போவதுபோல, விரைந்து செல்லும் குரு மெல்லச் செல்லும் சனியை ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை தாண்டும். அப்படியாயின் இதிலென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அவ்விரண்டின் பாதைகளும் ஒரே தளத்தில் இல்லை. ஒன்று சற்றுச் சரிந்திருப்பதால், தாண்டும்போது பெரும்பாலும் ஒரு பாகை அளவுக்கு மேலாகவோ கீழாகவோ விலகியே தாண்டும். வட்டத்தை 360 பாகையாகப் பகுத்து, ஒரு பாகையை 60 கலையாகப் பகுப்பது நம்மவர் வழக்கம். முழுச்சந்திரனின் குறுக்களவு ஏறத்தாழ 30 கலை. அன்று குருவுக்கும் சனிக்கும் இருந்த இடைவெளி, மிகக் குறுகிய வேளையில், 6 கலையை ஒட்டியது. சந்திரனை ஐந்து கூறாக்கினால் அதில் ஒரு கூறு.

இதற்கு முன் இவ்வளவு நெருக்கம் நேர்ந்தது 1623ஆம் ஆண்டு ஜூலையில். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துத் திருகோணமலையில் கோட்டை கட்டிய காலம் அது. ஆயினும் அன்று அவை சூரியனுக்கு மிக அருகில் நின்றமையால் அந்தி வெளிச்சத்தில் மறைந்துவிட்டன. மனிதர் நன்றாகக் கண்டிருக்கக்கூடிய நெருக்கம் அதற்கும் முந்தியது. 1226ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து விடியற்காலையில் நேர்ந்தது. அப்போது பொலன்னறுவையிலே கலிங்க மாகன் அரசிருந்தான். கந்தளாய்க் குளக்கரையில் அன்று யாராவது எழுந்து கிழக்கே பார்த்தார்களோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நெருக்கம் என்பதெல்லாம் நமது கண்ணுக்குத்தான். அன்று குரு நம்மிடமிருந்து ஏறத்தாழ 88 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலும், சனி 162 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலும் இருந்தன. குருவின் ஒளி இங்கு வந்துசேர 49 நிமிடம். சனியின் ஒளிக்கு ஒன்றரை மணிநேரம். நான் படம் எடுத்தது மாலை 6.35க்கு. ஆகவே படத்திலுள்ள குரு 5.46க்கு இருந்த குரு. பக்கத்திலுள்ள சனியோ 5.05க்கு இருந்த சனி. வெவ்வேறு வேளைகளிற் புறப்பட்ட இரண்டு ஒளியும் ஒரே கணத்தில் ஒரு கண்ணாடி வில்லைக்குள் நுழைந்தன.

எங்கள் பாடசாலையில் பௌதிகம் கற்பித்த பாதிரியார்தான் இதனை முதலில் எங்களுக்குச் சொன்னார். நத்தார் வாரமாகையால் உலகமெங்கும் இதனைக் “கிறிஸ்மஸ் நட்சத்திரம்” என்றே அழைத்தார்கள். பெத்லகேம் நட்சத்திரம் இப்படிப்பட்ட ஒரு கிரகச் சேர்க்கையாக இருக்கலாம் என்ற எண்ணம், 1603இல் இவ்விரு கிரகங்களும் கூடியதைக் கண்ட கெப்ளரின் காலத்திலிருந்து பேசப்படுவது. கி.மு. 7இல் இவை ஒரே ஆண்டில் மூன்று முறை சந்தித்தது உண்மை. ஆனால் அந்த மூன்று முறையும் ஏறத்தாழ ஒரு பாகை விலகியே நின்றன. ஒரே நட்சத்திரமாகத் தோன்றியிருக்க முடியாது. இதனையும் அந்தப் பாதிரியாரே சொன்னார். தமது வேதத்தைத் தாங்கிப் பிடிக்கும் கதை ஒன்றைத் தாமே அளந்து பார்த்துக் குறைத்துச் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் நானும் அதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

இனி நமது ஊருக்கு வருவோம். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது நம்மவர் வழக்கு. இரண்டாம் அக்கிரபோதி கட்டினான் என்பது சூளவம்சத்தின் வழக்கு. யார் கட்டினாலும், மாலை வானம் பார்ப்பவனுக்காகவே கட்டியதுபோல் இருக்கிறது. ஊர் கிழக்கே கிடக்க, அணைக்கட்டில் ஏறி நின்றால் தென்மேற்கிலே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மறைப்பதற்கு ஒரு கட்டடமில்லை. சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னர் மறைந்தபின், கிரகங்கள் இரண்டும் எட்டு மணி வரைக்கும் அந்தத் தண்ணீருக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கும். இடம் வாய்த்தது, காலந்தான் வாய்க்கவில்லை. மார்கழியிலே நமக்கு வானமேது? மேகமல்லவா! அந்த மாதம் 2ஆந் திகதி இரவுதான் “புரேவி” சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அதன் பின்னும் வாடைமழை விட்டபாடில்லை. 18, 19, 20 ஆகிய மூன்று மாலையும் அணைக்கட்டில் நனைந்துவிட்டுத் திரும்பினேன்.

இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரை நினையாமலிருக்க முடியவில்லை. லெ ஜந்தீல் என்பது அவர் பெயர். சூரிய பிம்பத்தின் குறுக்கே வெள்ளி கடப்பதைப் பார்க்க 1761இல் புதுச்சேரிக்கு வர எண்ணிப் புறப்பட்டார். போர் காரணமாகக் கரையிறங்க முடியாமல் கப்பலிலேயே அந்நாள் கழிந்தது. ஆடுகின்ற கப்பலில் நின்று எடுத்த கணக்கு எதற்கும் உதவாது. அடுத்தது 1769இல் என்று அறிந்து எட்டு ஆண்டு கீழைத்தேசங்களிலேயே தங்கி, புதுச்சேரியில் நோக்ககம் அமைத்துக் காத்திருந்தார். அந்தக் காலைப்பொழுது மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்ததும் வெயில் எறித்தது. எட்டு வருடம் காத்தவரோடு மூன்று மாலை நனைந்த என்னை ஒப்பிடுவது பெருமைக்காக அன்று. மூன்றாம் நாளிரவு தடிமனோடு படுத்திருந்தபோது அவர் கதை எனக்கு ஆறுதலாயிருந்தது.

கமரா என்னுடையதன்று. எனது மாமா கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். கொரோனாக் காலமாகையால் கலியாணமும் இல்லை, படமும் இல்லை. கமரா அலுமாரியில் கிடந்தது. “மணமக்களைப் பிடிக்கிற வில்லை, கிரகத்தைப் பிடிக்குமோ?” என்று சிரித்துக்கொண்டே தந்தார். 200 மில்லிமீற்றர் வில்லை ஒன்றும், ஒரு கால் தளர்ந்த முக்காலியும் அத்தோடு வந்தன.

21ஆந் திகதி மாலை நான் புறப்படும்போது அம்மப்பாவும் வருவேன் என்றார். அவர் அணைக்கட்டில் ஏறுவது குறைவு. 1986 ஏப்ரலில் அக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை வாரிக்கொண்டு போன இரவைக் கண்டவர் அவர். அதற்குப் பிறகு அங்கே ஏறினால் அவருடைய பார்வை நீர்மட்டத்தில்தான் இருக்கும். அன்றைக்கு வானத்தைப் பார்க்க வருகிறேன் என்று அவர் சொன்னது எங்கள் வீட்டாருக்கே வியப்பு. காரணம் சனி. அவர் விருச்சிக ராசிக்காரர். ஏழரைச் சனியின் கடைசிக் கூறில் இருந்தார். தம்மை ஏழு வருடத்துக்கு மேலாக வாட்டியவரைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று நினைத்தாரோ என்னவோ.

ஆறு மணி ஆகியும் மேகம் அசையவில்லை. ஆறேகாலுக்குத் தென்மேற்கிலே, ஒரு பாய் அளவுக்கு, நீலம் தெரிந்தது. அந்தப் பாயின் ஓரத்திலே அவை நின்றன.

கிரகத்தைப் படம் பிடிப்பதில் மூன்று சங்கடங்கள் உண்டு. நம் இளைஞர் யாரேனும் முயன்றால் உதவுமென்று சொல்லி வைக்கிறேன். முதலாவது, கமரா தானாகவே குவியத்தைத் தேடும் வசதி இருட்டிலே குருடாகிவிடும்; வில்லை முன்னும் பின்னும் ஓடி ஓய்ந்துபோகும். நல்லவேளையாக அன்று வளர்பிறை அரைச்சந்திரன் உயரத்தில், மேகக் கிழிசல் ஒன்றினூடே தெரிந்தது. வில்லையைச் சந்திரனுக்குத் திருப்பி, அதன் பள்ளங்களும் மேடுகளும் கூர்மையாகத் தெரியும்வரை கையாலே திருகி, அந்த இடத்திலேயே ஒரு நாடாவை ஒட்டி வில்லையை அசையாமற் செய்தேன். சந்திரனையும் இரண்டு படம் எடுத்து வைத்தேன். பரீட்சைக்குப் போகிறவன் இரண்டு பேனை கொண்டுபோவதுபோல, ஏதோ ஒன்றாவது மிஞ்சட்டும் என்ற எண்ணத்தில் எடுத்தவை அவை. பின்னால் அவைதான் எனக்குக் கைகொடுத்தன.

இரண்டாவது சங்கடம், பூமி சுற்றிக்கொண்டிருப்பது. வில்லையின் முன்னே வானம் நகர்கிறது. 200 மில்லிமீற்றர் வில்லையில் ஒரு விநாடிக்கு மேலே கதவு திறந்திருந்தால் புள்ளி கோடாகத் தொடங்கும். அதோடு காற்று. வாடைக்காற்று முக்காலியின் தளர்ந்த காலை ஆட்ட, முதல் பத்துப் படத்திலும் குரு ஒரு வழுக்கிய எழுத்துப்போல் விழுந்தார். மாமா தம்முடைய சாரத்து மடியில் கல்லைக் கட்டி முக்காலியின் நடுவிலே தொங்கவிட்டார். விரல் பட்டால் ஆடுமென்று, அழுத்திய பின் பத்து விநாடி பொறுத்துத் தானே எடுக்கும்படி கமராவை வைத்தோம்.

மூன்றாவதுதான் பெரிய சங்கடம். குருவின் பிரகாசம் சனியைப் போலப் பதினொரு மடங்கு. சனி தெளிவாக விழும்படி வைத்தால் குரு வெந்து வெள்ளையாகிவிடுவார். குருவை அடக்கினால் சனி மங்கிப்போவார். ஆகவே அரை விநாடி, கால் விநாடி, முப்பதில் ஒரு விநாடி என்று மாற்றி மாற்றி எடுத்தேன். நீங்கள் காணும் படம் கால் விநாடியில் எடுத்தது. குருவைச் சுற்றி நிற்கும் அந்தச் சிறு பொட்டுகள், 1610இல் கலிலியோ தொலைநோக்கியாற் கண்டுபிடித்த துணைக்கோள்கள். சனி நீண்டு தெரிவது அதன் வளையத்தினால். வளையம் வேறாக, கோள் வேறாகப் பிரியவில்லை. அதற்கு இந்த வில்லை போதாது. கலியாண வீட்டு வில்லை இவ்வளவும் தந்ததே பெரிது.

இருபது நிமிடத்தில் மேகம் மீண்டும் மூடியது.

அந்த இருபது நிமிடத்துக்குள் நடந்த இன்னொன்றைத்தான் சொல்ல வேண்டும். அம்மப்பாவை என் பக்கத்தில் நிறுத்தி, அவருடைய தோளின்மேலே கையை நீட்டிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “எங்கயடா தம்பி ரெண்டு? எனக்கு ஒண்டுதான் தெரியுது” என்றார். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். “ஒண்டுமில்ல, ஒரு வெளிச்சம் கலங்கி நிக்குது, அவ்வளவுதான்.”

அவருடைய இரு கண்ணிலும் புரை படர்ந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தால் பார்வை திரும்பும் என்று 2019லேயே வைத்தியர் சொல்லிவிட்டார். அம்மப்பா இணங்கவில்லை. “ஏழரை முடியட்டும், சனி நிக்கேக்க கண்ணில கத்தி வைக்க ஏலாது” என்பது அவர் வாதம். அவர் கைக்கொள்ளும் வாக்கிய பஞ்சாங்கத்தின்படி சனி தனுசை விட்டு மகரத்துக்குப் பெயர்வது 2020 டிசெம்பர் 27. அதுவரைக்கும் காத்திருந்தார்.

அன்றிரவு மாமாவின் கணினித் திரையிலே படங்களைப் போட்டுப் பார்த்தோம். அப்பொழுதுதான் எனக்குச் சந்திரனின் படம் நினைவுக்கு வந்தது. ஒரே வில்லை, ஒரே கமரா, ஒரே மாலை. ஆகையினால் இரண்டு படத்தையும் ஒரே அளவாகப் பெருப்பித்தால், சந்திரனே அளவுகோல் ஆகிவிடும் அன்றோ? பாடசாலை அடிமட்டத்தைத் திரையில் வைத்து அளந்தேன். அரைச்சந்திரனின் நேர்விளிம்பு 96 மில்லிமீற்றர். குருவின் நடுவிலிருந்து சனியின் நடுவுக்கு 20 மில்லிமீற்றர். சந்திரனை 30 கலையென்று கொண்டால் இடைவெளி ஆறேகால் கலை. வானியலாளர் சொன்னதற்கும், நான் அடிமட்டத்தால் அளந்ததற்கும் பேதம் அற்பம். கந்தளாயிலே, இரவல் கமராவால், பத்து ரூபாய் அடிமட்டத்தால்! அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அம்மப்பாவின் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினேன். வாக்கிய முறைப்படி குரு மகரத்துக்குப் பெயர்ந்தது நவெம்பர் 15. சனியோ டிசெம்பர் 27 வரைக்கும் தனுசில். குரு அக்காலத்தில் நாளொன்றுக்கு 12 கலை அளவில் நடந்தது. நவெம்பர் 15 முதல் டிசெம்பர் 21 வரை 36 நாள். ஆகவே குரு மகரத்துக்குள் ஏழு பாகை போயிருக்க வேண்டும். சனி இன்னும் மகரத்தின் வாசலுக்கு வெளியே. அதாவது பஞ்சாங்கக் கணக்கின்படி அன்று மாலை அவ்விரண்டுக்கும் இடையே ஏழு பாகைக்கு மேல், நீட்டிய கையின் நான்கு விரலை அடுக்கிப் பிடித்தால் மறையும் தூரம், இருந்திருக்க வேண்டும். பதினான்கு சந்திரனை வரிசையாக வைக்கலாம். படத்திலே இருப்பதோ சந்திரனில் ஐந்திலொரு பங்கு.

படம் பொய் சொல்லாது. இரண்டில் ஒரு கிரகத்தின் இடமாவது பஞ்சாங்கத்தில் பிழை. அல்லது இரண்டுமே பிழை. திருக்கணித பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அதன்படி சனி 2020 ஜனவரி 24லேயே மகரத்துக்கு வந்தாயிற்று. குரு நவெம்பர் 20இல் வந்தது. டிசெம்பர் 21இல் இரண்டும் மகரத்தில் ஆறாம் பாகையைக் கடந்து ஒன்றாக நின்றன. வானம் காட்டியதும் அதுவே. ஆனால், அம்மப்பாவின் ஏழரை ஜனவரியிலேயே தீர்ந்துவிட்டது. பதினொரு மாதம், தீர்ந்துபோன ஒன்றுக்காக அவர் கலங்கிய கண்ணோடு காத்திருந்திருக்கிறார்.

தோழர்களே, வாக்கிய முறையை இகழ்வது என் நோக்கமன்று. அது சாமானியமான சாதனையன்று. பெரிய பெரிய அட்டவணைகளைச் செய்யுள் வாக்கியங்களாக்கி மனத்திலே ஏற்றிவைத்துக் கணித்தார்கள். வாரன் என்னும் ஆங்கில அதிகாரி 1825இல் வெளியிட்ட “கால சங்கலிதம்” என்னும் நூலில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தாளும் பேனையும் இன்றி, தரையிலே சோழிகளைப் பரப்பி அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை எழுதியிருக்கிறார். கிரகணத் தொடக்கம் சில நிமிட வித்தியாசத்தில் ஒத்துவந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இன்று கணினி இல்லாமல் அது முடியும்? ஆயினும் எவ்வளவு நல்ல மணிக்கூடும், முள்ளைத் திருத்தாமல் நூற்றாண்டுக்கணக்காக ஓடவிட்டால் பிந்தும் அல்லது முந்தும். வாக்கியத்துக்கு நேர்ந்தது அதுதான்.

முள்ளைத் திருத்தவேண்டும் என்று முதலிற் சொன்னவர்கள் வெள்ளைக்காரர் என்று எண்ண வேண்டாம். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு காலம் கிரகணங்களை நேரிற் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு விலகுவதைக் கண்டு, 1431இல் “திருக்கணிதம்” செய்தார். திருக் என்றால் பார்வை. கண்ணாற் கண்டதோடு ஒத்துவரும் கணிதம் என்பதே அப்பெயரின் பொருள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர், திருக்கணித பஞ்சாங்கம் வெளியிடுவதற்குப் பாடுபட்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதனை விளக்கி, ஒரு பண்டிதரும் ஒரு கணிதரும் உரையாடுவதாக நூல் எழுதினார். ஆசாரம் குறையாத வைணவர் அவர்.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. அதனை மிஷன் பாடசாலைகளில் ஒரு விதமாகச் சொல்வார்கள். 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திலே கணித்திருந்த கணக்குப் பிழையென்று, வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியேல் பூவர் ஐயர் முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு பலர் கூடி நின்று பார்த்தார்கள். பூவர் ஐயருடைய கணக்கே ஒத்தது. இதனைக் கொண்டு நமது சமயமே பொய்யென்று நிறுவ மிஷனரிமார் முயன்றார்கள். வகுப்பில் இக்கதையைக் கேட்டபோதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு. தோற்றது ஒரு கணக்கு; சமயம் எங்கே தோற்றது என்று எழுந்து கேட்க நாவெழவில்லை. அதே வேளை, கணக்குத் தோற்றதை ஒப்புக்கொண்டு திருத்தாமல், சமயத்தைக் காக்கிறோம் என்று பிழையான கணக்கையும் சேர்த்துக் காக்க நிற்பவர்களைக் கண்டாலும் அதே குறுகுறுப்புத்தான். இரண்டு பக்கத்தாரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நிற்க. அடுத்த நாட்காலை படத்தைப் பட்டணத்திலே பெரிதாக அச்சிட்டுக்கொண்டுவந்து அம்மப்பாவிடம் கொடுத்தேன். முகத்துக்கு மிக அருகே பிடித்துப் பார்த்தார். “ஓம், ரெண்டு” என்றார். அவர் கண்ணுக்கு வானத்தில் ஒன்றாயிருந்தது தாளிலே இரண்டாகிவிட்டது. பிறகு கணக்கைச் சொன்னேன். நான்கு விரலை நீட்டச் சொல்லி, பஞ்சாங்கப்படி இவ்வளவு தூரம் இருந்திருக்க வேண்டும் என்று காட்டினேன். ஜனவரி என்று சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, “அப்ப தையிலயே வெட்டியிருக்கலாம் எண்டுறாய்?” என்று கேட்டார். நான் பேசாமலிருந்தேன்.

27ஆந் திகதி கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டுத்தான் வந்தார். திருநள்ளாற்றிலும் அன்றுதான் சனிப்பெயர்ச்சி விழா. “படம் பிழையெண்டு நான் சொல்லேல்ல. அது கிரகத்தின்ர நாள், இது ஊர் கூடுற நாள்” என்றார். எனக்கு இந்த விடை முழுவதும் ஒப்பவில்லை. ஊர் கூடும் நாளை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கண் மருத்துவத்தை ஊர் கூடும் நாளோடு கட்டிவைத்தது யார்? இதை அவரிடமே கேட்டேன். “அது என்ர பயம்” என்றார்.

சத்திரசிகிச்சைக்கு இணங்கினார். அப்பொழுது கொரோனா. அவசரமில்லாத சிகிச்சைகள் எல்லாம் பின்தள்ளப்பட்டன. தவணைக்கு மேல் தவணையாகி, 2022இல்தான் வலக்கண் திறந்தது. இடக்கண்ணில் அதற்குள் வேறு கோளாறும் சேர்ந்துவிட்டமையால் அதனைத் தொடவில்லை. அந்தப் பதினொரு மாதத்துள் செய்திருந்தால் இரண்டு கண்ணும் மிஞ்சியிருக்குமோ என்று வைத்தியரிடம் கேட்க நான் துணியவில்லை.

2023 மார்ச்சு 2ஆந் திகதி மாலை வெள்ளியும் வியாழனும் அரைப் பாகை அளவுக்கு நெருங்கின. மாசி மாதத்து வானம், மேகமில்லை. அம்மப்பாவே என்னை அழைத்துக்கொண்டு அணைக்கட்டில் ஏறினார். கமரா வேண்டாம் என்றார். இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மேற்கே விரலை நீட்டி, “ஒண்டு... ரெண்டு” என்று எண்ணினார். பெரியது வெள்ளி, சிறியது குரு என்று அவரே சொன்னார். பிறகு நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

குருவும் சனியும் அடுத்த முறை கூடுவது 2040 ஒக்டோபர் 31. அன்று இடைவெளி ஒரு பாகைக்குச் சற்று அதிகம். இவ்வளவு நெருக்கம் இராது. இத்தகைய நெருக்கம் மீண்டும் 2080 மார்ச்சு 15இல்தான். இரண்டும் விடியற்காலைச் சேர்க்கைகள். கிழக்கே பார்க்க வேண்டும். நமது அணைக்கட்டு அதற்கு உதவாது. இரவோடிரவாகத் திருகோணமலைக்குப் போய்க் கடற்கரையில் முக்காலியை நாட்ட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியிருக்கும். முக்காலியின் அந்தத் தளர்ந்த காலை மாமா இன்னும் திருத்தவில்லை. பதினேழு வயதிலே நனைந்தவன் அப்போது முப்பத்தேழு வயதிலே நனைவேன். கூடவர விரும்புகிறவர்கள் இப்பொழுதே பெயரைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள்.